பேர் சொல்லிக் கொடுத்த புத்தகம்

ஜூன் 8, ஞாயிறு

இன்று ‘கதையும் கரண்டியும்’ வாசகர் வட்டத்தில் உறுப்பினர் ஆனேன். சந்தா கட்டிவிட்டு ரசீது கேட்டேன். ரசீதுப் புத்தகமே கிடையாதாம். இலக்கியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை போலிருக்கிறது. அதற்குப் பதிலாக இந்த டைரியைக் கொடுத்து, "படிச்சதை எழுதி வைங்க" என்றார்கள். எழுதுகிறேன்.

ஏன் சேர்ந்தாய் என்று யாராவது கேட்டால் பதில் தயார்: வியாபாரம். வட்டத்தில் இருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது, அத்தனை அடுப்பிலும் பருப்பு வேகிறது. திண்டுக்கல்லில் பருப்பு மண்டி வைத்திருக்கிற தவசிலிங்கம் அங்கே உட்காராமல் வேறு யார் உட்காருவது? என் மகள் மேகலா கல்லூரி நாளிலிருந்து அந்த வட்டத்தில் இருக்கிறாள் என்பது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெஸ்காரனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

வட்டத்தை நடத்துகிறவர் சண்முகவடிவு டீச்சர். கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாவல் படிக்கிறவர்களுக்காக ஆரம்பித்தாராம். வந்தவர்களில் பாதிப் பேர் சமையல் புத்தகத்தோடு வந்து நின்றார்களாம். விரட்ட மனமில்லாமல் ஒரு கூட்டம் நாவலுக்கு, அடுத்த கூட்டம் சமையலுக்கு என்று வைத்துவிட்டார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சாம்பார் வாடை வருகிறது.

டீச்சர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "இது எல்லாரும் படிக்க வேண்டிய நூல்" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைய டீ அவர் செலவு. சிபாரிசு செய்வதென்றால் அங்கே இருக்கிற ஒரே ஒருவருக்கு, பேர் சொல்லி, கையில் கொடுத்து, ஏன் அவருக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் மறுக்கக் கூடாது. படித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் எழுந்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

அதாவது, பேச்சு நின்றுபோன இரண்டு பேர் அந்தக் கூடத்தில் இருந்தால், ஒருவர் கொடுத்தால் மற்றவர் வாங்கித்தான் ஆக வேண்டும், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இதைப் பொதுவாகத்தான் குறித்து வைக்கிறேன்.

எனக்கு முதல் புத்தகம் கொடுத்தவர் கண்ணாடிக்கடை ஜபருல்லா. சாகக் கிடக்கிற வட்டிக்காரர் ஒருவர் பீரோ சாவியை விழுங்கிவிடுகிற நாவல்.

"ஏன் தவசியண்ணனுக்கு?" என்றார் டீச்சர்.

"அண்ணனப் பாத்த ஒடனே இந்தப் புத்தகந்தான் டீச்சர் ஞாபகம் வந்துச்சு."

கூடமே சிரித்தது. மேகலா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சின்னப் பிள்ளையிலிருந்து சிரிப்பை அடக்குகிற விதம் அது.

ஜூன் 10, செவ்வாய்

கீழ் அறைக்கு வெஸ்டர்ன் கக்கூஸ் வைக்க ஆள் வந்தான். என் முழங்காலுக்காக.

ஜூன் 13, வெள்ளி

வட்டிக்காரர் நாவலைப் படித்தேன். சாவியை விழுங்குகிறார், சரி. அந்தச் சாவிக்கு மாற்றுச் சாவி இருக்கிறதா என்று மூன்று மகன்களில் ஒருவனும் கேட்கவில்லை. பூட்டு செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை நான் நம்ப வேண்டுமாம். எழுதியவர் திண்டுக்கல் பக்கமே வந்ததில்லை.

படித்தேன் என்றால், நான் படிக்கிற விதத்தில். மண்டியில் லோடு வந்து இறங்கினால் ஒவ்வொரு மூட்டையாகவா கொட்டிப் பார்க்கிறேன்? குத்தூசியை மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. கையில் விழுகிற பருப்பைப் பார்த்தால் மூட்டையின் ஜாதகமே தெரிந்துவிடும். புத்தகத்துக்கும் அதே வைத்தியம்தான். முன்னால் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். மிச்சப் பக்கமெல்லாம் விலையை ஏற்றுவதற்குப் போட்ட கனம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று சமையல் வாரம். சிபாரிசு செய்கிற புத்தகத்திலிருந்து ஒரு பதார்த்தமும் கொண்டுவர வேண்டும். வாங்கியவர் பதில் சொல்லும்போது அதிலிருந்து ஒன்றைக் கைப்படச் செய்து கொண்டுவர வேண்டும்.

‘விசில் எண்ணாதே’ என்ற புத்தகத்தை டீச்சருக்குக் கொடுத்தேன். குக்கர் விசிலை எண்ணிச் சமைப்பது மூடத்தனம், பருப்பின் வயசைப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான். நான் சேர்ந்த பிறகு படித்தவற்றில் உண்மை பேசுகிற ஒரே புத்தகம். கூடவே பருப்புப் பொடி கொண்டுபோனேன். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் அரைத்தது. நான் டப்பாவில் அடைத்தேன். உழைப்பில் பங்கு உண்டு.

மேகலா எழுந்து யாருக்கோ ஒரு ஊறுகாய்ப் புத்தகம் கொடுத்தாள். எழுந்தபோது இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு அஞ்சாம் மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதாங்க நடக்கணும். அங்கேயே பெத்துக்கிட்டா ஊரு என்னத்தப் பேசும்?"

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"வான்னும் சொல்லலையே."

"வாசக்கதவு தொறந்துதான கெடக்கு."

"மாட்டுக்குந்தான் தொறந்து கெடக்கு. அதுகூட யாராவது ‘பா’ன்னாதான் உள்ள வரும்."

அவளுக்கு எப்படி மாசக் கணக்கெல்லாம் தெரியும் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்தோறும் கோயிலுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது சேலையில் விபூதி வாசம் வருவதில்லை. பட்டை கிராம்பு வாசம் வருகிறது. எந்த அம்மன் கோயிலில் பிரியாணி தாளிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

கீழ் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. வாடகைக்கு விட்டாலும் விடலாம். பெயிண்டர், "வாடகைக்கு விடற ரூமுக்கு எதுக்கு மொதலாளி ஏ.சி. பாயிண்ட்டு?" என்றான். பெயிண்ட் அடிக்க வந்தவன் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

புத்தகக்கடைக்குப் போனேன். அப்பா மகள் கதையாக, கண்ணியமாக, நல்லபடி முடிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே ‘நெல்லிக்காய்ப்பட்டிக் குடும்பம்’ என்று ஒரு தடிமனான நாவலைத் தூக்கி வைத்தார். கழிவு உண்டா என்றேன். போனை வைத்துவிட்டு முறைத்தார்.

வீட்டில் வந்து குத்தூசி போட்டேன். மேலே: மழையில் பள்ளிக்கூடத்து வாசலில் மகளுக்காகக் குடையோடு நிற்கிற அப்பா. நடுவே: மகள் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், அப்பா தனியாக உட்கார்ந்து அவளுடைய பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிறார். அடியில்: மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள், பேரன் அப்பாவின் மடியில் தூங்குகிறான், மகள் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்குகிறாள்.

முதல் தரம். சொத்தை இல்லை, கல் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

என் முறை வந்ததும் எழுந்தேன். "இது மேகலாவுக்கு" என்றேன். நேற்றே மனப்பாடம் செய்துவைத்ததைத் தடுமாறாமல் சொன்னேன்: "இந்தக் கதையில ஒரு அப்பா வர்றாரு. அதிகம் பேச மாட்டாரு. செய்ய வேண்டியதச் செஞ்சு முடிப்பாரு. நானும் அந்த மாதிரி ஆளுதான். முழுக்கப் படிச்சா என் மனசுல என்ன இருக்குன்னு ஒனக்குப் புரியும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜபருல்லா வாயில் வைத்த பிஸ்கட்டை மெல்லவே இல்லை. நான்கு வரியில் ஒரு கூட்டத்தையே உருக்கிவிட்டேன். இத்தனை வருஷம் பருப்பு விற்றது வீண்.

மேகலா வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சரிங்க" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. ‘ங்க’ போட்டாள், பரவாயில்லை.

வரும் வழியில் பஞ்சவர்ணத்துக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். பூ விலை குறைவாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

நாகல்நகர் பக்கம் ஒரு வேலை. அந்த மெஸ்காரன் கடையும் அங்கேதான். பூட்டியிருந்தது.

ஜூலை 9, புதன்

இன்றும் நாகல்நகர் பக்கம் வேலை. இன்றும் பூட்டியிருந்தது. மெஸ் நடத்துகிறவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டினால் எங்கே உருப்படுவது?

ஜூலை 10, வியாழன்

பஞ்சவர்ணம் தட்டை மேஜையில் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மத்தியானம் ஜபருல்லா மண்டிக்கு வந்தார். பருப்பு வாங்க வந்தவர் மாதிரி மூட்டைகளைத் தடவிக்கொண்டே நின்றார்.

"தவசியண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கடன் மட்டும் கேக்காதீரும்."

"அந்த நெல்லிக்காய்ப்பட்டி நாவல நீங்க முழுசாப் படிச்சீகளா?"

"ஏன், நல்ல கதைதான. மக வீட்டுக்கு வந்துர்றா. பேரன் மடியில தூங்குறான்."

"மருமகன் எங்கண்ணே?"

"எந்த மருமகன்?"

"அதாண்ணே கேக்குறேன். கடசிப் பக்கத்துல மருமகன் எங்க?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிற அந்த நல்ல அப்பா, அதே கையோடு ஒரு லாரிக்காரனுக்குச் சொல்லிவிடுகிறார். மருமகன் காய்கறி வாங்கப் போகிற பாதையில் லாரி வருகிறது. ஊருக்கு விபத்து. மகள் வயிற்றுப் பிள்ளையோடு அப்பா வீட்டுக்கு வருகிறாள். மடியில் தூங்குவது அப்பன் இல்லாத பிள்ளை. வட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியுமாம்.

"நீங்க வேற, ‘செய்ய வேண்டியதச் செய்வாரு, நானும் அந்த மாதிரிதான்’னு சொல்லிட்டீக. எனக்கு பிஸ்கட்டு தொண்டையில நின்னுருச்சு."

மேகலா இரண்டே நாளில் படித்து முடித்தாளாம். புருஷனை மார்க்கெட்டுக்குப் போகவிடாமல் வத்தலக்குண்டில் அவன் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

"கிறுக்காய்யா பிடிச்சிருக்கு ஒங்களுக்கெல்லாம்? நான் அப்படிச் செய்யிற ஆளா?"

ஜபருல்லா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வட்டத்துல ஒருத்தராவது, அவரு அப்படிப்பட்டவரு இல்லன்னு சொன்னாங்களா?"

மறுபடியும் சரிசெய்துகொண்டார். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவருக்குச் சொந்தக் கண்ணாடி மூக்கில் நிற்கமாட்டேனென்கிறது.

ஜூலை 12, சனி

நாவலின் இன்னொரு பிரதி வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். கழிவு கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

முடித்தேன். மண்டிக்குப் போகவில்லை.

அபிப்பிராயம் எழுத வேண்டுமென்றால்: எழுதியவன் மோசக்காரன். அந்த அப்பனை மீசை முறுக்கவிடவில்லை, கத்தவிடவில்லை, குடிக்கவிடவில்லை. அப்பன் கணக்கைச் சரியாக எழுதுகிறான், கூலியை நேரத்துக்குக் கொடுக்கிறான், மகளுக்குப் பிடித்த மாங்காயைப் பார்த்து வாங்குகிறான். அதே சுத்தத்தோடு இதையும் செய்கிறான். ஒரு இடத்தில் சொந்தக்காரன் ஒருத்தன் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்கிறான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிழை திருத்தாமல் அச்சடித்திருக்கிறார்கள்.

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்: "நான் முழுசாப் படிக்கல. அவகிட்டச் சொல்லு. படிக்காமக் குடுத்துட்டேன். அவ்வளவுதான் விஷயம்."

"அவ்வளவுதான் விஷயமா?" என்றாள். அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவ ரிஜிஸ்டர் பண்ண மறுநாள் ஒங்க பெரியப்பா மகன் பாலகுரு வந்தாருல்ல? ‘அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க’ன்னு இதே கூடத்துல ஒக்காந்து கேட்டாருல்ல?"

"நான் வேணாம்னுதான சொன்னேன்."

"சொன்னீங்க. எப்பச் சொன்னீங்க? டீ வந்துச்சு. டம்ளர எடுத்தீங்க. ஆத்துனீங்க. முழுசாக் குடிச்சு முடிச்சீங்க. டம்ளரக் கீழ வச்சீங்க. அதுக்கப்பறந்தான் வேணாம்னீங்க. துணிமணி எடுக்க வந்த புள்ள மாடிப்படியில நின்னு அவ்வளவையும் பாத்துக்கிட்டிருந்துச்சு. அந்த ஒரு டீ நேரத்தத்தான் அவ ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கா, அப்பா என்னத்த யோசிச்சாருன்னு."

டீ சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. உளுந்து விலை ஏற்றம். கீழ் அறைக்கு ஏ.சி. மாட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

டீச்சர் போன் செய்து, இந்த வாரம் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்றார். முழங்கால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் காலி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை இடம் விடமாட்டார்கள்.

கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். ஒல்லி, கையில் அந்த நாவல். மேகலாவின் புருஷன். அவன் பேர் அருளப்பன்.

"மேகலாவால வர முடியல டீச்சர். வாங்கின புத்தகத்துக்கு அபிப்பிராயம் சொல்லணும்ல? நானும் படிச்சேன். நான் சொல்லலாமா?"

டீச்சர் தலையாட்டினார். அவன் நேரே வந்து எனக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகுதான் எழுந்தான்.

"கதை நல்லாருக்கு. லாரி வர்ற எடத்துல மட்டும் எனக்கு நம்பிக்கை வரல. எங்க மாமனார் மாதிரி ஒருத்தர் லாரி பேசியிருந்தா, வாடகையக் கொறைக்கச் சொல்லிப் பேரம் பேசுறதுக்குள்ள எங்களுக்குப் புள்ள பொறந்து ஸ்கூலுக்குப் போயிருக்கும்."

முதலில் ஜபருல்லா சிரித்தார். பிறகு எல்லாரும். நான் எழுந்தேன்.

"நான் அந்தப் புத்தகத்த முழுசாப் படிக்கல. மூணு எடத்துல பாத்துட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. சண்முகவடிவு டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க? படிக்காமலா சிபாரிசு பண்ணீங்க? இத்தனை வருஷத்துல இந்த வட்டத்துல ஒருத்தர் அப்படிச் செஞ்சதில்ல, தவசிலிங்கம்!"

கொலைகாரன் என்று நினைத்தபோது போன் செய்து ஓய்வெடுக்கச் சொன்னவர், படிக்காதவன் என்று தெரிந்ததும் கத்துகிறார். வாசகர்களின் தராசு தனி.

வெளியே அருளப்பன் எனக்காக நின்றான்.

"நான் பயப்படலைங்க. செய்யிறவரா இருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பீங்க. ஆனா அவளுக்கு அந்த ஒரு டீ போகவே மாட்டேங்குது. அப்ப என்ன யோசிச்சீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"டீ சூடா இருந்துச்சுப்பா."

"இதத்தான் சொல்வீங்கன்னும் அவளே சொன்னா." புத்தகத்தை என் கையில் வைத்தான். "பிரசவம் எங்க வீட்டுலதாங்க. அத்தையும் அங்கதான் வந்து இருக்கணுமாம். ஒங்களக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல. அந்த மாடிப்படியில மறுபடி ஏற முடியாதுங்குறா."

கீழ் அறை என்று சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். படி ஏறவே வேண்டாம், எல்லாம் கீழேயே செய்து வைத்திருக்கிறது என்று. சொல்லவில்லை. வாடகைக்கு விட வைத்திருக்கிற அறை.

ஜூலை 27, ஞாயிறு

குலசாமி கோயிலில் ஆடிக் கிடாவெட்டு. பங்காளிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பாலகுருவும்.

பந்தி போட்டபோது எதிர் வரிசையிலிருந்து ஆரம்பித்தான். "என்னண்ணே, தாத்தா ஆகப் போறீகளாம்ல? பேரனுக்கு எந்தச் சாமி பேரு வப்பாக? நம்ம சாமியா, அவுக சாமியா?"

நாலைந்து பேர் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, அதனால் மெதுவாகத்தான் எழ முடிந்தது.

"பாலகுரு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுல ஒக்காந்து நீ ஒண்ணு கேட்ட. ஞாபகமிருக்கா?"

அவன் முகம் மாறியது. "அது அன்னைக்கே முடிஞ்சு போன பேச்சுண்ணே. எதுக்கு இப்ப, பந்தியில?"

"நீ மட்டும் இருக்கையில சொன்னா பத்தாது. எல்லாரும் கேக்கட்டும். என் மருமகன் பேரு அருளப்பன். நாகல்நகர்ல மெஸ் வச்சிருக்காரு. அவரு மேல ஒரு தூசி விழுந்தாலும் நான் மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான் போலீஸோட வருவேன். அன்னைக்கு வேணாம்னு சொன்னேன். இன்னைக்கும் அதான் சொல்றேன். இன்னைக்கு யோசிக்காமச் சொல்றேன்."

கரண்டியோடு நின்றவன் அப்படியே நின்றான். எனக்கு இடது பக்கம் இருந்தவர் இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போனார். பிறகு வலது பக்கம் இருந்தவரும், அவர்களைப் பார்த்து மற்றவர்களும். அந்த நீளப் பந்தியில் என் வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சித்தப்பா கை கழுவப் போகும்போது, "இனிமே ஒனக்கு இந்தக் கோயில்ல வரி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வரி வாங்காவிட்டால் பங்காளி இல்லை என்று அர்த்தம்.

கறி நன்றாக இருந்தது. ஈரல் மட்டும் எனக்கு வரவில்லை.

பஞ்சவர்ணம் பெண்கள் பந்தியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது சன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாவல் வாரம். படிக்காமல் சிபாரிசு செய்த குற்றத்துக்காக மூன்று கூட்டத்துக்கு நான் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. வாங்க மட்டும் செய்யலாம்.

மேகலா வந்திருந்தாள். முகம் வெளுத்து, கால் வீங்கி. அவள் முறை வந்தபோது எழுந்தாள். கையில் இருந்தது நாவல் இல்லை. ‘ஒற்றை அடுப்பு: தனியாளுக்கான சமையல்’.

"இன்னைக்கு நாவல் வாரம்மா" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். அவசரம்." என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இது எங்கப்பாவுக்கு. எங்கம்மா நாளையிலேருந்து புள்ள பொறக்குற வரைக்கும் எங்க வீட்டுல இருப்பாங்க. அவருக்கு சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. பருப்பு விக்கத் தெரியும், வேகவைக்கத் தெரியாது. பட்டினி கெடந்துருவாரு."

கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கினேன்.

"முழுசாப் படிக்கணும்" என்றாள். இப்போது என்னைப் பார்த்தாள். "மூணு எடத்துல இல்ல."

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கிடாவெட்டில் நடந்ததை அவளிடம் அம்மா சொல்லிவிட்டாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும்தான் இத்தனை வருஷம் ஆள் முகம் பார்த்துக் கடன் கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

‘ஒற்றை அடுப்பு’ முன்னுரை: தனிமையை ரசியுங்கள் என்கிறார் ஆசிரியர். அவருக்குப் பாத்திரம் கழுவ ஆள் இருக்கிறது போல. ரசம் வைத்தேன். ரசம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பஞ்சவர்ணம் போனில்: "ஆவணி ரெண்டாம் ஞாயித்துக்கெழம வளைகாப்பு. தாய்வீட்டுலேருந்து சோறு கட்டிக்கிட்டு வரணும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு."

"அதான் நீ அங்க இருக்கியே."

"தாய் இங்க இருக்கேன். வீடு அங்க இருக்கு. வீட்டுல இருக்குறது நீங்கதான்."

"அவ கூப்பிட்டாளா?"

"வேணாம்னு சொல்லல" என்றாள்.

சமையல்காரனுக்குச் சொன்னால் வேலை சுலபமாக முடியும். ஆனால் வட்டத்தின் சட்டப்படி, கொடுத்த சமையல் புத்தகத்துக்குக் கைப்படச் செய்த பதார்த்தத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தை ஒருமுறை மீறிப் பார்த்தாயிற்று.

ஆகஸ்ட் 20, புதன்

புளிக்காய்ச்சல், இரண்டாம் முயற்சி. முதல் முயற்சியைப் பற்றிப் பேச வேண்டாம். சட்டியை மாற்ற வேண்டும். வட்டத்தில் பதில் சொல்ல டீச்சரிடம் ஒரு கூட்டம் தவணை வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்று தூக்குகளோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். மெஸ்ஸுக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் மேகலா மனையில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் சந்தனம். கை நிறைய வளையல் போட்டு முடித்திருந்தார்கள்.

அருளப்பனின் அம்மா மரியபுஷ்பம் தூக்குகளை வாங்கி வைத்தார். மூடியைத் திறந்தார். இலை போட்டிருந்தது, கரண்டி கையில் இருந்தது. ஆனால் அவர் பரிமாறவில்லை. சோற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், மேகலாவின் வயிற்றையும் பார்த்தார். சுற்றி நின்ற அவர்கள் சொந்தக்காரர்கள் ஒருவரும் இலையில் உட்காரவில்லை. லாரி கதை அந்தக் கூடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல நாவல்தான், எவ்வளவு தூரம் போயிருக்கிறது.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். செருப்பைத் தேட வேண்டியிருந்தது.

"மாமா, எங்க போறீங்க?"

மாப்பிள்ளை மெஸ்ஸிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பசிக்குது. வச்சது நீங்கதான? நீங்களே போடுங்க."

அம்மா கையிலிருந்து கரண்டியை வாங்கி என்னிடம் நீட்டினார். புளிச்சோறு வைத்தேன். பெரிய உருண்டையாக எடுத்து வாயில் போட்டார். கூடம் முழுக்க அவர் மெல்லுவதையே பார்த்தது. நானும்தான்.

"புளி கொஞ்சம் தூக்கல், மாமா" என்றார். "கடலப்பருப்பு மட்டும் சரியா வறுபட்டிருக்கு."

மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மேகலா மனையிலிருந்து எழாமலே ஒரு தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். வளையல் அத்தனையும் ஒன்றாகச் சரிந்து முழங்கைக்கு ஓடியது.

"எனக்கும் வைங்கப்பா" என்றாள். "தூக்கலாத்தான் வேணும்."

வைத்தேன். பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது.

புளி தூக்கல் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தில் போட்ட அளவைத்தான் போட்டேன். முன்னுரையிலிருந்து பின்னட்டை வரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். பதிப்பகத்துக்கு எழுதப் போகிறேன்.

பிள்ளைக்குப் பரிமாறும்போது பாதிச் சோறு ஏன் கீழே போனது என்று பஞ்சவர்ணம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். மெஸ்காரர்கள் வீட்டுக் கரண்டி, கனம் அதிகம் என்றேன்.